ஓரத்து விசை

தேநீர் ஆறிவிட்டதே என்று கவலைப்படாதீர்கள், மேடம். எனக்கு ஆறிய தேநீர்தான் பிடிக்கும். சூடாக இருந்தால் அவசரப்படத் தோன்றும். அவசரம் என் தொழிலுக்கு ஆகாது.

என் தொழில் விசைப்பலகை. கடைகளிலும் டிக்கெட் கவுண்டர்களிலும் எந்த விசையைத் தட்டினால் எது வர வேண்டும் என்று எழுதிக் கொடுப்பவன் நான். விசைமேல் அச்சடித்த எழுத்து அதற்குள்ளேயே இருப்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். விசைக்குச் சொந்தமாக எழுத்தே கிடையாது. ஓர் எண் மட்டும்தான். இந்த எண்ணுக்கு இந்த எழுத்து என்று ஒரு கோப்பில் வரிவரியாக விவரித்து, கறுப்புத் திரையில் ஒரு கட்டளை கொடுத்தால், அது கோப்பைத் தொகுத்துக் கணினியில் ஏற்றிவிடும். அந்த நொடியிலிருந்து விசைகள் நான் சொன்னதைத்தான் கேட்கும்.

அக்காவுக்கும் அப்படித்தான் செய்துகொடுத்தேன்.

அந்த வீட்டில் நானும் அக்காவும் மட்டும்தான். அவள் மகன் வெளியூரில் இருக்கிறான். பக்கவாதத்தில் அக்காவுக்குப் பேச்சும் காலும் போயின. வலது கையில் மூன்று விரல்கள் மிஞ்சின. புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார் டாக்டர். அந்த மூன்று விரலுக்கு எட்டுகிற ஒன்பது விசைகளை எடுத்தேன். இரண்டிரண்டாக அழுத்தினால் எல்லா எழுத்தும் வரும். எழுதியதைக் கணினி வாய்விட்டுப் படிக்கும். ஓரத்தில் இன்னொரு விசை. அதை அழுத்தினால் என் அறையில் மணி அடிக்கும்.

ஏற்றிக் கொடுத்ததும் அக்கா எழுதிய முதல் வாக்கியம்:

"டேய் மண்டு, தலகாணி கழுத்துல குத்துது. நானும் எத்தன நாளா முழிக்கிறேன், நீயும் பதிலுக்கு முழிக்கிற."

பகலில் வரும் நர்ஸம்மா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தோம், மேடம். மணி அடித்தால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன்.

பிறகு ஒரு நாள் அக்கா எழுதினாள்:

"எம்புள்ள போன் பண்ணும்போது என்னக் கூட்டிட்டுப் போகச் சொல்லப்போறேன். எனக்காக நீ பூட்டிக் கெடந்தது போதும்டா. வெளிய போ, நாலு பேரப் பாரு, கல்யாணம் பண்ணு. உங்கிட்ட ஏமாற ஒருத்தி கெடைக்காமலா போயிடுவா?"

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் காலையில் யாருடைய தலையைத் தூக்கிவிட்டு என் நாளைத் தொடங்குவது என்று அவள் யோசிக்கவில்லை. எனக்கு வாதாட வராது. சின்ன வயதிலிருந்து அக்காவிடம் பேசி ஜெயித்ததே இல்லை. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலைதான்.

அன்றே கோப்பைத் திறந்தேன். சில விசைகளை இடம் மாற்றினேன். நான்கைந்து விசைகளுக்கு 'ஒன்றுமில்லை' என்று கொடுத்தேன். அப்படிக் கொடுப்பது பிழையல்ல. கோப்பைத் தொகுக்கிற கருவி அதையும் ஒரு விடையாக ஏற்றுக்கொள்ளும். தொகுக்கும்போது வழக்கமாகச் சில எச்சரிக்கைகள் வரும். அவற்றைக் காட்டாதே என்று கட்டளையிலேயே சொல்லிவிடலாம். நான் எப்போதும் அப்படித்தான் சொல்வேன். பழக்கதோஷம்.

மகன் வீடியோவில் வந்தான். அக்கா எழுதினாள். கணினி அதே இனிய குரலில் ஏதோ உளறியது. அக்கா திரையைப் பார்த்தாள். மீண்டும் எழுதினாள். மீண்டும் உளறல். பிறகு விரல்களை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். தெரிந்துவிட்டது அவளுக்கு.

"மாமா, அம்மாவுக்கு என்னாச்சு? ஏன் இப்படி எழுதுறாங்க?"

"கொஞ்ச நாளாவே இப்படித்தான்டா. மூளையும் கொழம்பிடுச்சு போல."

அவன் அழுதான். எனக்கும் கண் கலங்கியது. பொய்யாக இல்லை, மேடம்.

நர்ஸம்மாதான் மறுநாள் கேட்டார். "என்ன சார் இது? நேத்து காலைல கூட என் கொண்டைய காக்கா கூடுன்னு கிண்டல் பண்ணாங்களே? ஒரே நாள்ல எப்படிக் கொழம்பும்?"

இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன்.

மணி விசையை மட்டும் நான் தொடவில்லை. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஆனால் அக்கா சும்மா இருக்கவில்லை. மகன் போன் செய்யும்போதெல்லாம் விடாமல் மணியை அடிக்க ஆரம்பித்தாள்.

"மாமா, அங்க என்ன மணிச்சத்தம்? அம்மாவா? அம்மா ஏதோ சொல்ல வர்ற மாதிரி இருக்கு. நான் நேர்ல வந்து பாக்குறேன்."

அதனால் அந்த ஒரு வரியையும் மாற்ற வேண்டியதாயிற்று. தற்காலிகமாகத்தான். அவன் வந்து போனதும் பழையபடி ஆக்கிவிடுவதாக அக்காவின் காதில் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவன் வருவதற்கு முன்பே அது நடந்துவிட்டது.

ஒரு மதியம். நான் பக்கத்து அறையில் ஒரு மருந்துக்கடைக்கான கோப்பை எழுதிக்கொண்டிருந்தேன். 'டக்' என்று கேட்டது. பிறகு டக், டக், டக். விசைக்கு 'ஒன்றுமில்லை' என்று கொடுத்தாலும் சத்தம் போகாது, மேடம். அது பிளாஸ்டிக்கின் சத்தம். எது ஓரத்து விசை என்று சத்தத்திலேயே எனக்குத் தெரியும். அதைத்தான் அதிகம் அழுத்தியிருந்தாள், கொஞ்சம் தளர்ந்திருந்தது. முதலில் வேகமாகக் கேட்டது. அப்புறம் விட்டுவிட்டு. அப்புறம் நின்றது.

நான் கோப்பை முடித்தேன். தொகுத்தேன். பிழை எதுவும் இல்லை. அதன் பிறகுதான் எழுந்து போனேன்.

தொண்டையில் சளி அடைத்திருந்தது. பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்திருந்தால் போதும் என்றார் டாக்டர். அரை நிமிட வேலை. அக்காவின் விரல் அந்த விசையின்மேல்தான் இருந்தது. நான்தான் எடுத்துவிட்டேன்.

சத்தம் கேட்டும் ஏன் போகவில்லை என்கிறீர்கள். ஆமாம், கேட்டது. எந்த விசை என்றும் தெரிந்தது. எதற்கு அழுத்துகிறாள் என்றும் தெரிந்தது. நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். இதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ளலாம், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், மேடம். மணி அடித்து நான் போகாமல் இருந்ததே இல்லை. அன்றைக்கு மணி அடிக்கவில்லை.