சிவப்பு என்றே இருக்கட்டும்

முதலில் அந்த மேசைவிளக்கைக் கொஞ்சம் இடதுபக்கம் நகர்த்திக்கொள்ளுங்கள். எழுதுகிற கையின் நிழல் எழுத்தின்மேலேயே விழுகிறது, கண்தான் கெடும். வெளிச்சம் எங்கிருந்து வர வேண்டும் என்று பார்ப்பது என் தொழில், அதனால் சொன்னேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் கனிமக் காட்சியகத்தில் புகைப்படக்காரன். கிடைப்பதற்கரிய கற்களையும் படிகங்களையும் படம் எடுத்து, பக்கத்தில் எடை, நிறம், நிலை என்று விவரம் எழுதிப் புத்தகமாக்குவது என் வேலை. கல்தானே, ஆடாது அசையாது, இதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. கல்யாண வீட்டில் சம்பந்தியைப் படம் எடுப்பவர்கூட ‘கொஞ்சம் சிரிங்க’ என்று சொல்லிப் பார்க்கலாம். கல்லிடம் சொல்ல முடியாது. ஒரு மயிரிழை திருப்பினால் பளபளப்பு செத்துவிடும், திரும்பத் தேடிப் பிடிக்க அரை நாள் ஆகும். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரே ஒரு நல்ல முகம்தான். மனிதர்களில் பலருக்கு அதுவும் கிடையாது.

எங்களிடம் ஒரு சிவப்புப் படிகம் இருந்தது. வெள்ளித் தாது, மாதுளை முத்தின் நிறம். வெளிச்சம் பட்டால் கறுத்துவிடும் என்பது அதன் குணம். அதனால் கறுப்புத் துணி சுற்றி இழுப்பறையில் வைத்திருப்போம். இந்த மாதிரிக் கற்களைப் படம் எடுக்க ஒரு முறை இருக்கிறது. அதே உயரத்தில் ஒரு சாதாரணக் கல்லை மேடையில் வைத்து, விளக்கையும் லென்ஸையும் அதைக் கொண்டே சரிசெய்ய வேண்டும். கடைசியில் நிஜக் கல்லை வைத்து ஒரே சொடுக்கு, உடனே துணிக்குள். அந்தச் சாதாரணக் கல்லை நாங்கள் டூப்பு என்போம்.

நான் டூப்பு வைக்கவில்லை. அதில் அந்த உள்வெளிச்சம் தெரியாது. காலையில் நிஜக் கல்லையே வைத்து விளக்கைப் போட்டேன், மதியம் சாப்பிடக்கூடப் போகவில்லை. கிடைத்த படம், நானே சொல்லக்கூடாது, அப்படி ஒரு படம். உண்மையில் அது முதலில் எடுத்ததுதான், மற்றதெல்லாம் பேராசை. விளக்கை அணைத்துவிட்டுக் கல்லை எடுத்துப் பார்த்தால் அடுப்புக்கரி.

யானைக்கும் அடி சறுக்கும். வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு நிதானமாக யோசித்தேன். கல் துணிக்குள் கிடக்கப்போகிறது. ஊர் உலகம் பார்ப்பது படத்தை. படம் சிவப்பு. ஆகவே, ‘நிறம்: சிவப்பு. நிலை: சேதமில்லை’ என்று எழுதினேன். இதில் பொய் எங்கே இருக்கிறது?

அங்கே கற்களுக்குக் காப்பாளர் என் தங்கையின் கணவர். பூட்டிய பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார் என்பதால் ஆபீசில் அவருக்குப் ‘பூட்டு’ என்று பெயர். புத்தகம் அச்சுக்குப் போகுமுன், அச்சுப்படியைக் கையில் வைத்துக்கொண்டு இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து ஒப்பிட்டுப் பார்த்தார். யாரும் செய்யச் சொல்லவில்லை.

“மச்சான், கல்லு கறுத்துப் போச்சு” என்றார்.

“படத்துல நல்லாத்தானே இருக்கு மாப்பிள்ளை.”

“படம் நல்லாத்தான் இருக்கு. கல்லு இல்லையே. படம் எடுக்கறப்ப கெட்டுப்போச்சுன்னு கீழ ஒரு வரி போட்டுடலாம். கை தவறுறதுதான். இதுக்காக உங்கள தூக்குலயா போடப் போறாங்க?”

“அந்த டிராயரை யாரு திறந்து பாக்கப் போறா?”

“நான் பாப்பேனே” என்றார்.

ஒரு வரி. என் பெயர் போட்ட புத்தகத்தில், என் ஆயுசுக்கும் நல்ல படத்துக்குக் கீழே, இவன் கல்லைக் கெடுத்தவன் என்று ஒரு வரி. குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்று எடுத்துச் சொன்னேன். சிரித்தார். என் தங்கையை நாங்கள் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம், அவளிடமும் சொல்லிப் பார்த்தேன். “அவர் அப்படித்தாண்ணா. உப்பு டப்பால சர்க்கரைன்னு ஒட்டியிருந்தாலே அவருக்குத் தாங்காது” என்றாள், பெருமையாக. சிலருக்குத் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். திங்கட்கிழமை இயக்குநரிடம் பேசிவிடுவதாக மாப்பிள்ளை சொன்னார். எனக்கு அவர்மேல் கோபமே இல்லை. இதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

காற்றுப்பட்டால் பொடிந்துபோகும் கற்களுக்கு எங்களிடம் ஒரு தனி அறை உண்டு. விடுமுறைக்கு முந்தின மாலை அதிலுள்ள காற்றை வெளியேற்றி நைட்ரஜன் நிரப்புவார்கள். கல்லுக்கு நல்லது, மனிதருக்கு ஆகாது. அதனால் கதவருகே ஒரு பலகை மாட்டியிருக்கிறது. மேல் வரிசை ஆணிகள் ‘உள்ளே’, கீழ் வரிசை ‘வெளியே’. உள்ளே போகிறவர் தன் பித்தளை டோக்கனை மேல் வரிசையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். சனிக்கிழமை மாலை, மீதமிருந்த அடுக்கை ஒப்பிட்டுப் பார்க்க மாப்பிள்ளை அச்சுப்படியோடு போனார். ஒழுங்காக டோக்கனை மாட்டினார். நான் அதை எடுத்துக் கீழ் வரிசையில் மாட்டினேன். ஒரு சாண் தூரம்கூட இருக்காது.

காஸ்காரர் வந்து, “சார், உள்ள யாரும் இல்லையே?” என்றார்.

“பலகையைப் பாருங்க” என்றேன். வாய்கூசாமல் பொய் சொல்ல எனக்கு வராது.

அவர் பார்த்தார், கதவைப் பூட்டினார், குழாயைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போனார். உள்ளிருந்து தட்டியது கேட்டதா என்று கேட்பீர்கள். கேட்கவில்லை, அந்தக் கதவு அவ்வளவு கனம். அதனால்தான் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். அதிர்வு நன்றாகத் தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை. கையை எடுத்துக்கொண்டு, டோக்கனைத் திரும்ப மேல் வரிசையிலேயே மாட்டினேன்.

புத்தகம் நன்றாக வந்திருக்கிறது. அட்டையில் சிவப்புப் படிகம்தான். உள்ளே முதல் பக்கத்தில் ‘மறைந்த காப்பாளர் நினைவுக்கு’ என்று போடவேண்டும் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன்.

நான் ஏன் இப்போது வந்திருக்கிறேன் என்று உங்களுக்குப் புரியவில்லை. மனசாட்சி உறுத்தியது என்று எழுதப் பார்க்கிறீர்கள், வேண்டாம். காஸ்காரர் பலகையைப் பார்க்காமல் அலட்சியமாக இருந்தார் என்று விசாரணை அறிக்கையில் போட்டு, அவரை உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவர் பார்த்தார். ஒரு விவரம் தப்பாகப் பதிவானால் என்னால் பொறுக்க முடியாது. தங்கை கணவரைக் கொன்றது நான். அந்த இடத்தில் என் பெயர் இருக்க வேண்டும்.

இங்கே வருகிற வழியில் பாப்பா வீட்டுக்குப் போனேன். கூடத்தில் மாட்ட அவர் படம் ஒன்று கேட்டிருந்தாள். ஆபீஸ் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, நெற்றியிலிருந்த தழும்பை எடுத்துவிட்டு, சின்னதாக இருந்த இடது கண்ணை வலது கண்ணுக்குச் சமமாக்கி, முகத்துக்குக் கொஞ்சம் நிறம் கொடுத்து, சட்டம் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அவள் அதை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

“யாருண்ணா இது?” என்றாள்.

“என்ன பாப்பா, மாப்பிள்ளைதான்.”

“இல்லண்ணா. இது அவர் இல்ல.” கண்ணாடிமேல் விரலை வைத்து இடது கண்ணைத் தேடினாள். பிறகு அழ ஆரம்பித்தாள். எனக்கும் அழுகை வந்தது, நானும் மனிதன்தானே. அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். நாலு நாள் பார்த்தால் பழகிவிடும் என்று சொன்னேன். ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இனி எதுவும் இல்லையே.