வாய்க்காலில் அக்கா பங்கு

நெரவியிலிருந்து காரைக்கால் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு அக்காவும் தம்பியும். இரண்டு பேருக்கும் ஐம்பது தாண்டியிருக்கும். தம்பிக்கு மெதுவாகப் பேச வராது போலிருக்கிறது.

“பைபிள்ல அஞ்சு பொண்ணுங்க அப்பா நிலத்துல பங்கு கேட்டு வாங்கினாங்கன்னு ஃபாதர் முன்னாடி சொன்னே. சரின்னு குடுத்துட்டேன். அந்த அஞ்சு பேர்ல எவளாவது வாய்க்கால் வெட்டினாளா?”

“அது தெரியலடா.”

“நாளன்னிக்குத் தண்ணி வருது. அவங்கவங்க வயலோரத்து வாய்க்கால அவங்கவங்கதான் தூர் வாரணும். அத்தானுக்கு முதுகு முடியல. உன் பங்க யாரு வாருவா? நிலம் ஆண்டவர் நம்மள நம்பி விட்டது. வாங்கிட்டாப் போதாது, வச்சுக் காப்பாத்தணும்.”

“வாரியாச்சு.”

“யாரு வாரினா?”

“நான்தான். நீ வயல் பக்கம் வந்தாத்தானே தெரியும். நேத்து உன் பங்கையும் சேத்து வாரிட்டேன்.”

“என் பங்க எதுக்கு?”

“மேல உன் வயலு, கீழ என் வயலு. உன்னுது அடைஞ்சு கெடந்தா எனக்கு எப்படித் தண்ணி வரும்?”

தம்பி அக்கா பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“உன் வீட்டுல ஏது மம்பட்டி?”

“அப்பாவோடதுதான். உன் கொல்லையில துருப்பிடிச்சுக் கெடந்துச்சு. தீட்டி எடுத்துக்கிட்டேன். அதுல பங்கு கேட்டு வந்துராத.”