கோட்டு போட்டு நின்ன ஆறாவது ஆட்டம்

கைத்தட்டலை அப்புறம் வெச்சுக்கலாம் சிஸ்டர்... ஒரு குட்டிக் கதை இருக்கு, அதைக் கேட்டுட்டுத் தட்டுங்க. கதை அமெரிக்காவுல நடக்குது. பயப்படாதீங்க, விசா எல்லாம் வேண்டாம்!

அங்க ஒரு ஆட்டம் இருக்கு. பேரு ஃபுட்பால். ஆனா காலுக்கு அதுல வேலை கம்மி. பந்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஒருத்தன் ஓடுவான்... எதிர்ல வர்ற தடியனுங்க நாலு பேர் அவன் மேல விழுவானுங்க. இதுக்கு லட்சம் பேரு டிக்கெட் வாங்கி உக்காந்து கத்துவாங்க!

அதுல ராண்டல்னு ஒருத்தன். வந்து விழுறவனைத் தடுக்கற வேலை. பந்தைத் தொடவே மாட்டான். பேப்பர்ல போட்டோ வராது. நம்ம கதைதான்னு வைங்களேன்... ஆபரேஷன் பண்ண டாக்டருக்கு மாலை. பக்கத்துல நின்ன நர்ஸுங்க நமக்கு? கையுறையைக் கழட்டிப் போட்டுட்டு அடுத்த கேஸ்!

காலேஜ் முடிச்சதும் ராண்டலை ஒரு டீம் எடுத்துக்கிச்சு. எடுத்துக்கிச்சுன்னுதான் சொல்றேன். "எந்த ஊருக்குப்பா போறே?"ன்னு அவனை யாரும் கேக்கல. பனி கொட்டற வடக்கு ஊரு. அவன் பொண்டாட்டி டெனிஸ் தெற்குல ஒரு ஸ்கூல் டீச்சர். ஒரு பொண்ணும் பொறந்து, நாலு வயசும் ஆயிடுச்சு. அந்தக் குழந்தைக்கு அப்பான்னா போன்ல வர்ற ஒரு முகம்... அவ்வளவுதான்.

ஆனா ஒரு விதி இருக்கு. நாலு சீசன் முடிச்சு, ஒப்பந்தமும் முடிஞ்சா அவன் ஃப்ரீ ஏஜென்ட். எந்த டீமுக்கு வேணாலும் போகலாம். மூணு சீசன்தானா? அப்ப வேற டீம் கூப்பிட்டாலும், பழைய டீம் அஞ்சு நாளைக்குள்ள "அதையே நாங்களும் தர்றோம்"னு சொன்னாப் போதும். பையன் அங்கயே கெடக்க வேண்டியதுதான்!

ராண்டலுக்கு நாலு வருஷம் முடிஞ்சுது, டெனிஸ் ஊரு டீம் அவனை எடுக்க ரெடி. மார்ச் மாசம் ஒரு புதன்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்குக் கையெழுத்து. அதுக்கு ஒரு வாரம் முன்னாடி பழைய டீம் மேனேஜர் கூப்பிடறாரு. குரலைக் கேளுங்க... சர்க்கரைப் பாகு!

"ராண்டல்... நாமெல்லாம் ஒரே குடும்பம்பா."

ஏன் சிரிக்கறீங்க? எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? இருக்கும், இருக்கும்!

"உன் முதல் வருஷத்தைப் பாத்தோம். முக்காவாசி நாள் நீ வெறும் பயிற்சிக் கோஷ்டி. கடைசியில மெயின் டீமுக்காக ஆடினது அஞ்சு ஆட்டம். ஆறு இருந்தாத்தான் சீசன் கணக்கு. அதனால உனக்கு மூணு சீசன்தான். ஒண்ணுல போச்சு பாரு... எனக்கே வருத்தமா இருக்கு!"

வருத்தமாம்!

ராண்டல் வீட்டுக்குப் போன் போட்டான். டெனிஸ் கேட்டுச்சு, "ஒரே ஒரு ஆட்டமா?"

"ஒண்ணே ஒண்ணு."

"உன் ஷூ வைக்க வாசல்ல ஷெல்ஃப் வாங்கிப் போட்டுட்டேனே ராண்டல்... பாப்பா தெனமும் அதைத் தொடைக்கறா."

"விதி அதுதானே"ன்னான். ஏன்னா மேனேஜர் சொன்னதை அவன் நம்பிட்டான் சிஸ்டர்! எனக்கு அதுதான் கோவம். சொன்னவன் மேல பாதி... நம்பினவன் மேல பாதி.

டெனிஸ்தான் விடல. "உங்க யூனியன்ல கேட்டியா?" கேக்கல. அப்புறம்தான் கேட்டான். அங்க ஓடெட்னு ஒரு அம்மா. மூக்கு நுனியில கண்ணாடி.

"அந்த வருஷம் கடைசி ஆறு வாரம் எங்கப்பா இருந்தே?"

"அஞ்சு வாரம் ஆடினேன் மேடம்."

"ஆடினதை நான் கேக்கல. எங்க இருந்தே?"

"ஒரு வாரம்... எறக்கல மேடம். கோட்டு போட்டுக்கிட்டு ஓரமா நின்னேன். கேவலமா இருந்துச்சு. யாருகிட்டயும் சொன்னதில்ல."

"டீம் பட்டியல்ல பேரு இருந்துச்சா?"

"இருந்துச்சு..."

"அட பைத்தியமே! ஆடியிருக்கணும்னு எந்த விதியில எழுதியிருக்கு? அந்த வாரம் பட்டியல்ல இருந்தாலே கணக்கு. வாராவாரம் அந்தப் பட்டியலோட ஒரு காப்பி இங்கயும் வருது. இரு..." பேப்பரைப் பொரட்டற சத்தம். "இதோ உன் பேரு. ஆறு!"

அந்தக் காப்பி மேனேஜர் மேஜைக்குப் போச்சு. குடும்பம் கிடும்பம் எல்லாம் வாய்க்குள்ளயே அடங்கிடுச்சு. புதன்கிழமை நாலு மணிக்கு ராண்டல் கையெழுத்துப் போட்டான். வீட்டுக்குப் போனா, அந்தப் பொண்ணு அவன் கன்னத்தைத் தொட்டுப் பாத்துக் கேட்டுச்சாம்... "போன்லேருந்து வெளிய வந்துட்டியா?"

இப்ப நம்ம விஷயத்துக்கு வர்றேன்.

ரெண்டு வருஷம் வேலையை விட மாட்டோம்னு நம்ம ஆஸ்பத்திரிக்கு பாண்டு எழுதிக் குடுத்தோம். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி பீரோவுல பூட்டினாங்க. ரெண்டு வருஷம் முடிஞ்சுது. போய்க் கேட்டா என்ன சொல்றாங்க? "முதல் ஆறு மாசம் ட்ரெய்னிங்மா, அது சர்வீஸ்ல வராது." அப்படியா? அந்த ஆறு மாசம் பொம்மைக்கா ஊசி போட்டோம்? பொம்மைக்கா டிரிப்ஸ் ஏத்தினோம்? நாமளும் "ஆமா, ட்ரெய்னிங்தானே"ன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்தோமே... ராண்டல் மாதிரி! நம்ம பாண்டுல இருக்கற வார்த்தை 'வேலையில் சேர்ந்த நாள் முதல்'. ட்ரெய்னிங் முடிஞ்ச நாள் முதல்னு எங்கயும் இல்ல. நான் மூணு தடவை படிச்சுட்டேன்.

ஒண்ணு கேக்கறேன். அந்த நாலு சீசன் விதி, முதலாளி மனசு எறங்கிப் போட்டதா? கெடையாது! ஆட்டக்காரங்க ஒண்ணா நின்னாங்க, ஆட மாட்டோம்னாங்க, கோர்ட்டுக்குப் போனாங்க, வாங்கினாங்க. வாங்கினதோட விடல... காப்பி எடுத்து வெச்சாங்க. பதிவு அவங்ககிட்ட மட்டும் இருந்தா, அவங்க சொல்றதுதான் கணக்கு!

நம்மகிட்டயும் காப்பி இருக்கு. சேர்ந்த முதல் நாள்லேருந்து டூட்டி ரோஸ்டர் வாட்ஸ்அப் குரூப்ல வந்துக்கிட்டுத்தானே இருக்கு? ஒவ்வொண்ணுலயும் உங்க பேரு இருக்கு. திங்கட்கிழமை பத்து மணிக்கு, நாம முப்பத்தெட்டு பேரும் அதோட ஆபீஸுக்குள்ள போறோம். சர்டிபிகேட்டோட வெளிய வர்றோம்.

கதை முடிஞ்சுது. ஆனா இப்பவும் தட்டாதீங்க... கை சும்மா இருக்கட்டும். போனை எடுங்க. முதல் மாசம், முதல் ரோஸ்டர்... தேடுங்க!