மெதுவாக எரிந்த துப்பாக்கி மருந்து

யுத்தகாலப் பெட்ரோல் பஞ்சத்தில் மதுரையிலிருந்து பேரையூருக்குக் கரிவாயுவில் ஓடிய பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருவர். ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

"மெதுவா எரிஞ்சதப் பாத்து ஏமாந்துட்டேண்ணே."

"எது?"

"துப்பாக்கி மருந்து. ரெண்டு மருந்தயும் ஓட்டுத் துண்டுல கொட்டிக் கொளுத்திப் பாத்தேன். நாட்டு மருந்து குப்புனு போயிருச்சு. பட்டாளத்துத் தோட்டாவுல எடுத்த மருந்து, விளக்குத்திரி கணக்கா நின்னு எரிஞ்சுச்சு. இதுல வேகம் கம்மின்னு நெனச்சு, நாட்டுத் துப்பாக்கியில ரெண்டு பங்கு போட்டுக் கெட்டிச்சுக் குடுத்தேன்."

"யாருக்கு?"

"தம்பிக்கு. கடலக்காட்டுல பன்னியச் சுட்டான். குழலுக்குள்ள அடச்சா அந்த மருந்துக்குத்தான் வேகம் சாஸ்தியாம்; குழல் வெடிச்சு அவனுக்கு ரெண்டு கண்ணும் போச்சு."

பக்கத்திலிருந்தவர் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"ஆசுபத்திரியில நெனவு வந்ததும், பன்னி விழுந்துச்சாண்ணேன்னு கேட்டான். விழுந்துச்சுன்னு பொய் சொல்லிட்டேன். நாளைக்கு வாரப்ப அந்தக் கறியில கொஞ்சம் கொண்டாரச் சொல்லியிருக்கான்."