முத்தழகிக்குப் புல் போதும்

அன்று மேடையில் நான் சொல்லாதது ஒன்றுதான். அதற்கு முந்தைய ஆண்டு மாட்டுப் பொங்கலன்று, பவளம் என்ற பசுவின் முன்னால் ஒரு தவலைச் சர்க்கரைப் பொங்கலைக் கவிழ்த்தவர் விழாத் தலைவர் தங்கராஜு ஐயா. மூன்றாம் நாள் பவளம் செத்துப்போனாள். கண் பட்டுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். கறவை மாட்டுத் தீவனத்தை ஆராய்கிறவள் நான். அவள் வயிற்றைத் திறந்து பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. எனக்குக் காரணம் தெரியும். பவளத்தை வளர்த்த ஜெயலெட்சுமி அக்காவுக்கும் தெரியும். தங்கராஜு ஐயாவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

"பேர மட்டும் எடுத்துராத, காமினி," என்றார் அக்கா, அன்று காலை பவளத்தின் மகளை லாரியிலிருந்து இறக்கும்போது. "பிறை ஊர்ல மாட்டுக் கொட்டாய் போட எடம் பேசிக் குடுத்ததே அவருதான் லா. அவரு மொகம் சுளிச்சா என் மாடுங்க எங்க போயி நிக்கும்?"

அந்த ஆண்டும் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனில் அதே திடல், அதே தலைவர். மேடையருகே பவளத்தின் மகள் முத்தழகி கட்டப்பட்டிருந்தாள். பொங்கல் கிண்ணங்களோடு வரிசை திடலின் வாசல்வரை நீண்டிருந்தது. என் பேச்சு முடிந்ததும் ஊட்டத் தொடங்குவார்கள். தலைவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் தவலை தயாராக இருந்தது. எனக்குத் தந்த தலைப்பு, பசுவின் பெருமை. நான் பேசியது இது.

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் பெருமதிப்பிற்குரிய தங்கராஜு ஐயா அவர்களே, பட்டர்வொர்த்திலிருந்தும் பிறையிலிருந்தும் பாலம் கடந்து வந்திருக்கும் பெரியோர்களே, பொழுது புலருமுன் பொங்கலிட்டு, சூடு ஆறுமுன் ஏந்தி வந்து நிற்கும் தாய்மார்களே, அண்ணன்மார்களே, அக்காமார்களே, நம் எல்லாரையும்விட அதிகமாக மாலை வாங்கிக்கொண்டு, நம் எல்லாரையும்விடக் குறைவாகப் பேசிக்கொண்டு நிற்கும் முத்தழகி அவர்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சற்று நேரத்தில் சிரிப்பு வராத செய்தியைச் சொல்லப் போகிறேன்.

பசுவின் பெருமையைப் பேசு என்றார்கள். எந்தப் பெருமையைப் பேச? கொம்பின் பெருமையையா, குளம்பின் பெருமையையா? கண் காணும் பெருமையையா, கண் காணாத பெருமையையா? நான் கண் காணாததைப் பேசுகிறேன். முத்தழகியின் வயிற்றைப் பேசுகிறேன்.

இவள் பிறப்பே ஓர் ஆராய்ச்சி. வெயில் தாங்கும் சாஹிவால் இனத்தையும் பால் பெருக்கும் ஃபிரீசியன் இனத்தையும் கலந்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து, நம் ஊர்ப் புழுக்கத்திலும் மூச்சிரைக்காமல் கறக்கக்கூடிய ஒருத்தியைப் பெற்றிருக்கிறோம். ஆனால் எந்த இனமானால் என்ன? எத்தனை ஆண்டு ஆராய்ந்தால் என்ன? இவள் பால் தருவதும் தராததும், இவள் நிற்பதும் சாய்வதும், இவள் வயிற்றுக்குள் என்ன போகிறது என்பதில் இருக்கிறது.

மாட்டின் முதல் இரைப்பை ஒரு பெரிய பானை. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்கள். புல் வந்தால் பொறுமையாக உண்கின்றன. பொறுமையாகப் புளிக்க வைக்கின்றன. அந்தப் பொறுமையே பாலாகிறது. அரிசி வந்தால்? வெல்லம் வந்தால்? குவியல் குவியலாக வாழைப்பழம் வந்தால்? பொறுமை போய்விடுகிறது. பானை பொங்குகிறது. அமிலம் பெருகுகிறது. பானையின் சுவர் புண்ணாகிறது. அசை நிற்கிறது. அதன்பின் மாடு நிற்பதில்லை.

வரிசையின் முதலில் நின்ற அம்மாள் கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டார்: "ஒரு கைப்பிடிதானேம்மா. சாமிக்குப் படைச்சது. அதுல என்னா ஆயிரும்?"

ஒரு கைப்பிடியில் ஒன்றும் ஆகாது, அம்மா. உங்கள் கைப்பிடி குற்றமற்றது. உங்களுக்குப் பின்னால் நிற்கும் அக்காவின் கைப்பிடியும் குற்றமற்றது. அவருக்குப் பின்னால்? அவருக்கும் பின்னால்? இந்த வரிசையின் வால் எங்கே இருக்கிறது என்று திரும்பிப் பாருங்கள். நீங்கள் கொடுப்பது ஒரு கைப்பிடி. அவள் வாங்குவது ஒரு கைப்பிடியா?

வரிசை திரும்பிப் பார்த்தது. தலைவர் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார்.

சென்ற ஆண்டு இதே இடத்தில் இவள் தாய் பவளம் நின்றாள். இதே மாலை, இதே மஞ்சள், இதே வரிசை. மறுநாள் தீனி எடுக்கவில்லை. அதற்கு மறுநாள் எழவில்லை. கண் பட்டது என்றீர்கள். வயிற்றைத் திறந்தோம். உள்ளே எவர் கண்ணும் இல்லை. சோறு இருந்தது. முழுப் பருக்கையாகச் சோறு, முந்திரியோடு சோறு, தயிரைப்போலப் புளித்த சோறு.

"யாரு அவ்ளோ கொட்டுனது? பேரச் சொல்லுங்கக்கா," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

தங்கராஜு ஐயா தவலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஜெயலெட்சுமி அக்கா கயிற்றைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார்.

பெயர் கேட்கிறீர்கள், தம்பி. அந்தக் கையில் வஞ்சம் இல்லை, வன்மம் இல்லை, வணக்கம் இருந்தது. வாயில்லாத உயிர் வயிறு நிறையட்டும் என்ற எண்ணம் இருந்தது. அப்படிப்பட்ட கைகள் இந்தத் திடலில் எத்தனை? குனிந்து பாருங்கள், உங்கள் கையிலும் அதே பொங்கல் இல்லையா? சென்ற ஆண்டு நமக்குத் தெரியாது. இன்று தெரியும். தெரிந்தபின் கொட்டினால், அதை அன்பு என்று எப்படிச் சொல்வது?

நாகூர் மீரான் அண்ணன் எழுந்தார். முத்தழகியின் பாலை வாங்கி, தே தாரிக் என்னும் நுரை பொங்க ஆற்றிய தேநீர் விற்கும் கடைக்காரர். "அவ படுத்தா என் கடை தே தாரிக்கும் படுத்துரும் லா. அந்தப் பொங்கல எனக்குக் குடுங்க. நான் தின்னுட்டு நல்லா நிப்பேன், எனக்கு ஒரே வயிறுதான்."

அண்ணன் சொன்னதுதான் ஆய்வின் முடிவும். பொங்கலை மனிதர் உண்போம். லாரியில் நேப்பியர் புல் இருக்கிறது. ஆளுக்கு ஓர் இழை எடுத்து இவளுக்கு ஊட்டுவோம். படைப்பது மனம் என்றால், புல்லில் அந்த மனம் குறைந்துவிடுமா? வணங்குவது உயிர் என்றால், அந்த உயிர் நாளைக்கும் நிற்க வேண்டாமா? தாயைப் பறிகொடுத்துவிட்டோம். மகளையும் பறிகொடுக்கப் போகிறோமா?

மாலை சூட்டிய கைகளுக்கும், மணல் சுட நின்று கேட்ட கால்களுக்கும், இனிப் புல் ஏந்தப் போகும் விரல்களுக்கும் என் நன்றி. இல்லந்தோறும் பால் பொங்கட்டும். வணக்கம்.

யாரும் கைதட்டவில்லை. எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் தவலையைத் தூக்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினார். முத்தழகி நாக்கை நீட்டினாள். அக்கா கயிற்றைச் சுருக்கிப் பிடித்தார். தங்கராஜு ஐயா மாட்டைத் தாண்டிப்போய் நாகூர் மீரான் அண்ணனிடம் தவலையைக் கொடுத்தார்.

"பந்தியில வைங்க, பாய்," என்றார். என் பக்கம் திரும்பவில்லை. லாரிக்குப் போய் ஓர் இழை புல்லை உருவிக்கொண்டு வந்தார். வரிசை அவருக்குப் பின்னால் நகர்ந்தது.

மறுநாள் காலை முத்தழகி தீனி எடுத்தாள், வழக்கம்போல் கறந்தாள். பிறையில் கொட்டாய் அதே இடத்தில் இருக்கிறது. அடுத்த ஆண்டு அழைப்பிதழில் என் பெயர் இல்லை. பசுவுக்குப் புல் மட்டும் ஊட்டவும் என்ற வரி இருந்தது.