யார் வீட்டு ஜீன்?

அரசு ஆஸ்பத்திரியின் எச்.ஐ.வி. பிரிவுக்கு வெளியே, மகனின் ரத்தப் பரிசோதனை முடிவுக்காக உட்கார்ந்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் காங்கேயத்திலிருந்து வந்த கணவனும் மனைவியும். இருவருக்கும் தொற்று உண்டென்று அவர்கள் பேச்சிலேயே தெரிந்தது. கணவர் மாத்திரை சாப்பிடுகிறார். அந்த அம்மாளுக்கு ஆறு வருடமாகியும் தேவைப்படவில்லை; தொற்று கண்ட எல்லோருக்கும் உடனே மாத்திரை கொடுக்காத காலம் அது. இனிமேல் தேவையா என்பது அன்று தெரிந்துவிடும்.

“உனக்குள்ள கிருமியை அடக்கி வெச்சிருக்கறது எங்க கூட்டத்து ஜீனு” என்று குலப்பெருமை பேசினார் அவர்.

“ஏனுங்க, அது பொறக்கறப்பவே அப்பா அம்மாகிட்டருந்து வர்றதுன்னு டாக்டர் சொன்னாருல்லீங்க?”

“கல்யாணம் ஆனப்பறம் நீ எங்க கூட்டந்தானே? ஜீனு மட்டும் உங்கொப்பன் ஊட்லயே இருந்துக்குமா?”

“அப்ப நீங்க எதுக்குங்க ரெண்டு வேளையும் மாத்திரை முழுங்கறீங்க?”

நர்ஸ் கூப்பிட, அந்த அம்மாள் உள்ளே போனார். கணவர் தன் மடியிலிருந்த பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தார்.

“இன்னும் மாத்திரை வேண்டாமாமுங்க” என்று சொல்லிக்கொண்டே அவர் மனைவி வெளியே வந்தார்.

கணவர் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். “தீபாவளிக்கு உங்கொப்பனுக்குப் பட்டு வேட்டியே எடுத்துரலாம்.”

“அம்மாகிட்டருந்தும் வந்திருக்கலாமுங்க.”

“அப்பச் சேலையும் சேத்து எடுத்துரு.”