வகுப்புல திங்கிற பிள்ள

அதுல உங்க தப்பு என்ன இருக்கு டீச்சர், நீங்க இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தே பத்து நாளுதேன் ஆகுது. கணக்குப் பாடம் நடக்கையில ஒருத்தி வாழப்பழத்த உரிச்சா யாருக்கும் கோவம் வரத்தேன் செய்யும். நான் பூமாரியோட அம்மா, கஸ்தூரி. இல்ல, உக்காரல, திராட்சைத் தோட்டத்துல மருந்தடிக்க ஆளு நிக்கிது. ரெண்டு வார்த்த சொல்லிட்டு ஓடிருவேன்.

அவளுக்கு ரெண்டு மணிக்கொருதரம் வயித்துக்குள்ள ஏதாச்சும் போகணும். தீனிப் பண்டாரம்லாம் இல்ல டீச்சர். கணையம்னு ஒண்ணு இருக்காம்ல, அதுல கட்டி. அது ரத்தத்துல இருக்க சீனியக் கொறச்சுப்புடுதாம். ஆமா, ஊருல பெரியாளுகளுக்குச் சீனி கூடுது, இவளுக்குக் கொறையுது. மதுரையில டாக்டரம்மா சொன்னப்ப எங்க வீட்டுக்காரரு சிரிச்சுப்புட்டாரு. அவுக சிரிக்கல.

கண்டுபிடிக்கிறதுக்கு அவளப் பட்டினி போட்டாக. மத்தியானத்துக்குள்ள வேர்த்து ஊத்தி, என்னையப் பாத்தே நீ யாருங்கிறா. ஊசி வழியா சீனித்தண்ணி ஏத்துனாக, அஞ்சு நிமிசத்துல எந்திரிச்சு பரோட்டா கேக்குறா.

அதனால, பதில் சொல்லாம மொறச்சுக்கிட்டு நின்னா திமிருன்னு நெனச்சிராதீக. நெத்தியத் தொட்டுப் பாருங்க. சில்லுன்னு வேர்த்திருந்தா குளுக்கோசக் கரைச்சுக் குடுங்க, பையிலயே இருக்கும். மயங்கிட்டா மட்டும் தண்ணி ஊத்தாதீக, பொரையேறிரும். ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, பொடிய கன்னத்துக்கு உள்பக்கமா தடவிட்டு ஆளனுப்புங்க. நான் காரு பிடிச்சு பாளையம் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயிருவேன்.

ஆப்பரேசன் சித்திரையில. கட்டி மொளகு தண்டிதேன் இருக்குமாம், வயித்தத் தொறந்து தேடித்தேன் எடுக்கணும்கிறாக. எடுத்துட்டா எல்லாப் பிள்ளைகளும் மாதிரி ஓடலாமாம்.

முந்தியா? முந்தி யாருக்குத் தெரியும். காலையில எந்திரிக்க மாட்டா, சோம்பேறின்னோம். ரேசன் சீனிய எங்கன ஒளிச்சு வச்சாலும் தேடி அள்ளித் தின்னுருவா. அந்தச் சீனிதேன் பிள்ளைய உசிரோட வச்சிருந்துச்சுன்னு டாக்டரம்மா சொல்றாக.

அவ கையில ஒரு தழும்பு கெடக்கும், பாத்திருப்பீக. கேட்டா அடுப்புல விழுந்துட்டேம்பா. விழுகல டீச்சர். திருடுறாளேன்னு நாந்தேன் கரண்டியக் காய வச்சு சூடு இழுத்தேன். அவ இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல.

சரி, வெயிலேறுது, வாரேன்.